போன் யாருடையது? கைபேசிகளைச் சேர்த்து கிளவுடு கட்டிய கதை

இன்னைக்கு எபிசோடில் ஒரு பழைய ஆசையோட வரலாற்றைப் பார்க்கப் போகிறோம்.

'கிளவுடு' என்று நாம் சொல்வது வானத்தில் இல்லை. எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்துக்குள்ளே அடுக்கி வைத்த ஆயிரக்கணக்கான சர்வர்கள்தான். நேயர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அந்தக் கட்டடத்துக்கு நிலம் வேணும், மின்சாரம் வேணும், குளிரூட்ட ஏசியும் தண்ணீரும் வேணும். இன்னொரு பக்கம், உலகம் முழுக்க ஒவ்வொருத்தர் பாக்கெட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ப்ராசசர், மெமரி, நெட்வொர்க் எல்லாமே உண்டு, ஆனால் ஒரு நாளில் பெரும்பாலான நேரம் சும்மாதான் கிடக்கிறது. இந்த போன்களையெல்லாம் இணைத்தால் அதுவே ஒரு கிளவுடு ஆகாதா?

ஆகும். 2009-லிருந்தே செய்து காட்டியிருக்கிறார்கள். பிறகு ஏன் நம் வேலைகள் இன்னும் டேட்டா சென்டரிலேயே நடக்கின்றன? போனுக்கு சக்தி போதவில்லை என்பது முதல் சில வருஷங்களுக்குப் பொருந்தும் பதில். அதற்கப்புறம் மொத்தக் கதையும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நகர்கிறது: அந்த போன் யாருடையது?

போனுக்கு முன்னாடி

சும்மா கிடக்கும் மெஷினை வேலை வாங்கலாம் என்ற யோசனை போனைவிட மூத்தது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆல்டோ என்ற கம்ப்யூட்டர்கள் ஈதர்நெட்டில் இணைந்திருந்தன. ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு அவை சும்மா இருக்கும். ஜான் ஷோக், ஜான் ஹப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ப்ரோகிராம் எழுதினார்கள். அது நெட்வொர்க்கில் காலியாக இருக்கும் மெஷின்களைத் தேடிப் பிடிக்கும், தன் நகலை அங்கே ஏற்றும், வேலையைப் பகிர்ந்து செய்யும். அதற்கு 'வோர்ம்', அதாவது புழு, என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு ராத்திரி ஒரு சின்ன புழுவை ஓடவிட்டுப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் கட்டடம் முழுக்க கம்ப்யூட்டர்கள் செத்துக் கிடந்தன. ப்ரோகிராமின் ஒரு நகல் கெட்டுப்போய், ஏறிய மெஷின்களையெல்லாம் முடக்கியிருந்தது. மெஷினைத் திரும்ப ஆன் செய்தால் புழு மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளும். நல்லவேளையாக, எல்லாப் புழுக்களையும் ஒரே அடியாக நிறுத்துவதற்கு ஒரு கட்டளையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். அதை அனுப்பிய பிறகுதான் அடங்கியது. 1982-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். முடங்கிய மெஷின்கள் சுமார் 100.

அடுத்த படி 1988. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லிட்ஸ்கோ, மிரோன் லிவ்னி, மாட் முட்கா ஆகியோர் 'காண்டர்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். இதுவும் சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்களைத் தேடிப்போகும். ஆனால் ஒரு கண்டிப்பான விதியோடு. ஓனர் வந்து கீபோர்டில் கை வைத்தால், விருந்தாளி வேலை உடனே விலகிக்கொள்ள வேண்டும். எதுவரைக்கும் முடிந்ததோ அதைச் சேமித்துக்கொண்டு வேறொரு மெஷினுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒருத்தர் திண்ணையில் உட்காரலாம், ஆனால் வீட்டுக்காரர் வந்தால் எழுந்துவிட வேண்டும் என்கிற மாதிரி. இதற்கப்புறம் வந்த எல்லா அமைப்புகளிலும் ஏதோ ஒரு வடிவில் இந்த விதி இருக்கிறது.

1999 மே மாதம் பெர்க்லியில் 'செட்டி அட் ஹோம்' தொடங்கியது. அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த சிக்னல்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பினார்கள். வேற்றுக்கிரகவாசிகள் கிடைக்கவில்லை, ஆனால் 50 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் தங்கள் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். முகம் தெரியாத மனிதர்கள் கேட்டால் கொடுப்பார்கள் என்பது நிரூபணமானது. 2020 மார்ச் வரை அந்தத் திட்டம் வேலைகளை அனுப்பிக்கொண்டிருந்தது.

2009: யானையின் சின்ன உறவினர்

இப்போது போனுக்கு வருவோம். 2004-ல் கூகுளின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் 'மேப்ரெட்யூஸ்' என்ற முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முறை ரொம்ப எளிமையானது. நம் ஊர் ஓட்டு எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆள் உட்கார்ந்து எல்லா ஓட்டையும் எண்ணுவதில்லை. மேஜை மேஜையாகப் பிரித்து எண்ணுகிறார்கள், கடைசியில் மேஜைக் கணக்குகளை மட்டும் கூட்டுகிறார்கள். அதேபோல, பெரிய வேலையைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுத்து, விடைகளைச் சேர்ப்பதுதான் மேப்ரெட்யூஸ். இதையே எல்லாரும் பயன்படுத்தும் விதமாக டக் கட்டிங், மைக் கஃபரெல்லா என்ற இருவர் கட்டிய இலவச மென்பொருள்தான் 'ஹடூப்'. அந்தப் பெயர் கட்டிங்கின் மகன் வைத்திருந்த மஞ்சள் யானைப் பொம்மையின் பெயர்.

2009-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் யூஜின் மரினெல்லி என்ற மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக இந்த ஹடூப்பை ஆண்ட்ராய்டு போன்களில் ஓட வைத்தார். தன் அமைப்புக்கு 'ஹைராக்ஸ்' என்று பெயர் வைத்தார். ஹைராக்ஸ் என்பது பாறை இடுக்குகளில் வாழும், முயல் அளவில் இருக்கும் ஒரு விலங்கு. பார்த்தால் எலி மாதிரி இருக்கும், ஆனால் உயிரியல்படி யானைக்கு நெருங்கிய சொந்தம்! ரொம்பப் பொருத்தமான பெயர் இல்லையா?

அப்போதைய போன் எப்படி இருந்தது? முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1 அதற்கு முந்தைய வருஷம்தான் கடைக்கு வந்திருந்தது. 528 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 192 எம்பி ராம். டேட்டா சென்டர் சர்வருக்காக எழுதிய மென்பொருளை இதற்குள் திணிப்பது, லாரி எஞ்சினைச் சைக்கிளில் பொருத்துகிற மாதிரியான வேலை. யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறது என்று கணக்கு வைக்கும் தலைமைப் பொறுப்பைச் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு, சேமிப்பதையும் கணக்கிடுவதையும் போன்களுக்குக் கொடுத்தார் மரினெல்லி. போன்கள் வைஃபை ரௌட்டர் வழியாகப் பேசிக்கொண்டன.

முடிவு என்ன? கணக்கு போடுகிற வேகத்தில் ஹைராக்ஸ் மோசம்தான், அதை அவரே சொல்லிவிட்டார். ஆனால் இரண்டு விஷயங்கள் வேலை செய்தன. ஒரு போன் பாதியில் கழன்றுகொண்டாலும் அமைப்பு சமாளித்தது, காரணம் ஹடூப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் வேறு இடங்களில் நகல் இருக்கும். டேட்டாவைப் பகிர்ந்துகொள்வதும் பரவாயில்லாமல் நடந்தது. இதைக் காட்ட, போன்களில் இருக்கும் வீடியோக்களைத் தேடவும் பகிரவும் ஒரு ஆப்பும் செய்தார். வேகத்தைவிட முக்கியமான வாதம் இதற்குள் இருக்கிறது. போட்டோவும் வீடியோவும் பிறப்பதே போனில்தான். அதைத் தூரத்து சர்வருக்கு அனுப்பி, திரும்ப வாங்கி எதுக்குப் பார்க்கணும்? பிறந்த இடத்திலேயே தேடலாமே?

இதில் ஒரு சுவாரசியம். அதே வருஷம், அதே பல்கலைக்கழகத்திலிருந்து இதற்கு நேர் எதிரான பதிலும் வந்தது. சென்னை ஐஐடியில் படித்து, கார்னகி மெலனில் பேராசிரியரான மகாதேவ் சத்யநாராயணன், வேறு சிலரோடு சேர்ந்து 'கிளவுட்லெட்' என்ற யோசனையை முன்வைத்தார். போன் என்றைக்கும் பலவீனமான கருவியாகத்தான் இருக்கும், அதனால் பக்கத்திலேயே, ஒரு காபிக் கடையில் வைஃபை இருப்பது போல, ஒரு பலமான கம்ப்யூட்டரை வைத்து போனின் சுமையை அதற்கு மாற்றுவோம் என்பது அவர்கள் வாதம். இன்றைக்கு 'எட்ஜ் கம்ப்யூட்டிங்' என்று சொல்வதன் வேர்களில் இது ஒன்று. மரினெல்லி போனிடம் வேலை கேட்டார். சத்யநாராயணன் போனுக்கு உதவி கேட்டார். தொழில்துறை பெருமளவு போனது இரண்டாவது வழியில்.

ராத்திரி சார்ஜர்

போன்களின் வேகம் வருஷா வருஷம் ஏறியது. 2012 வாக்கில் ப்ராசசர் ஒரு சாக்காக இல்லை. அடுத்த தடை பேட்டரி. என் போனில் உங்கள் கணக்கு ஓடி, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது போன் அணைந்துபோனால் நான் சும்மா இருப்பேனா?

ரிவர்சைடு நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2012-ல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அதன் பெயரிலேயே விடை இருக்கிறது: 'சார்ஜ் ஏறும்போது கணக்கு'. மனிதர்கள் ராத்திரி போனைச் சார்ஜரில் மாட்டிவிட்டுத் தூங்குகிறார்கள். அந்த மணிநேரங்களில் போன் நகர்வதில்லை, வைஃபையில் இருக்கிறது, மின்சாரத்துக்கும் குறைவில்லை. ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்குக் கொடுத்த போன்களை ராத்திரியில் இப்படிச் சேர்த்தால் சில வேலைகளுக்குத் தனி சர்வரே தேவைப்படாது என்பது அவர்கள் கணக்கு. 18 ஆண்ட்ராய்டு போன்களில் செய்தும் பார்த்தார்கள்.

அங்கே ஒரு நுணுக்கமான சிக்கல் தெரிந்தது. ப்ராசசரை முழு வேகத்தில் ஓட்டினால் பேட்டரி சார்ஜ் ஆவதே தாமதமாகிறது. காலையில் எழுந்து பார்க்கும்போது போன் நிறையாமல் இருந்தால், ஓனர் அடுத்த ராத்திரி அந்த ஆப்பை நீக்கிவிடுவார். அதனால் சார்ஜ் ஏறும் வேகத்தைக் கவனித்து, விட்டுவிட்டு வேலை செய்யும்படி அமைத்தார்கள். ஓனர் பாதியில் சார்ஜரைப் பிடுங்கினால் மீதி வேலை வேறு போனுக்கு மாறும். காண்டரின் அதே விதிதான். கீபோர்டுக்குப் பதிலாக சார்ஜர், அவ்வளவுதான்.

கேட்டு வாங்கிய காலம்

அடுத்த மூணு வருஷம் இந்த யோசனைக்குப் பொற்காலம். செட்டி அட் ஹோமின் பின்னணியில் இருந்த 'போயின்க்' மென்பொருள் 2013 ஜூலையில் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. போன் சார்ஜரில் இருக்க வேண்டும், பேட்டரி ஏற்கெனவே 90 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும், வைஃபையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது வேலை எடுக்கும். எவ்வளவு தயக்கத்தோடு வாசலில் நிற்கிறது பாருங்கள்!

2014-ல் ஹெச்டிசி நிறுவனம் போயின்க்கை வைத்து ஒரு ஆப் கொண்டுவந்தது. அதே வருஷம் ஆஸ்திரியாவில் சாம்சங், வியன்னா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'பவர் ஸ்லீப்' என்ற ஆப்பை வெளியிட்டது. அது ஒரு அலாரம் கடிகாரம். அலாரம் வைத்துவிட்டு நீங்க தூங்கினால், உங்கள் போன் புரதங்களை ஒப்பிடும் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். 2015-ல் சோனி போன்களில் 'ஃபோல்டிங் அட் ஹோம்' வந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் வோடஃபோன் ஃபவுண்டேஷனும் கார்வன் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 'ட்ரீம்லேப்' தொடங்கின, புற்றுநோய் ஆராய்ச்சிக்காக. 2020-ல் கொரோனா வந்தபோது, லண்டன் இம்பீரியல் கல்லூரி தன் ஆராய்ச்சிக்கு அதே ஆப்பைப் பயன்படுத்தியது.

எல்லாமே நல்ல காரியங்கள். ஆனால் இவற்றைக் கிளவுடு என்று சொல்ல முடியாது. கிளவுடில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் அடுத்த நொடி பதில் வரணும். இங்கே எந்த போன் எப்போது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதோடு, தெரியாத போனிலிருந்து வரும் விடையை அப்படியே நம்பவும் முடியாது. அதனால் ஒரே வேலையை இரண்டு, மூன்று கருவிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இந்த மாதிரித் திட்டங்களில் வழக்கம். பாதி சக்தி சரிபார்ப்பதிலேயே போய்விடும். இன்னொரு பக்கம், என் அந்தரங்கமான டேட்டாவை முகம் தெரியாத ஒருவரின் போனில் வைக்க நானும் சம்மதிக்க மாட்டேன். ஆக, அவசரமும் இல்லாத, ரகசியமும் இல்லாத, துண்டு துண்டாகப் பிரிக்கக்கூடிய வேலைக்குத்தான் இது உதவியது.

கேட்காமல் எடுத்தவர்கள்

இதே உத்தியைக் கேட்காமல் பயன்படுத்தினால்? அதுவும் நடந்தது. 2017 டிசம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'லோபி' என்ற ஆண்ட்ராய்டு வைரஸைப் பற்றி அறிவித்தது. மற்ற அட்டூழியங்களோடு, ஓனருக்குத் தெரியாமல் போனில் கிரிப்டோ நாணயத்தையும் தோண்டியது அது. சோதனைக்காக ஒரு போனில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். 2 நாளில் பேட்டரி வீங்கி, போனின் மூடியே நெளிந்துவிட்டது.

2018-ல் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோர் விதிகளில், ஆப்புக்குச் சம்பந்தமில்லாத கணக்குகளைப் பின்னணியில் ஓட்டக் கூடாது என்று எழுதியது. கிரிப்டோ தோண்டுவதை உதாரணமாகவும் சொன்னது. ஆண்ட்ராய்டும் 2017-ன் எட்டாவது பதிப்பிலிருந்து பின்னணி வேலைகளுக்குக் கடிவாளம் போட்டது. ஓனரைப் பாதுகாக்கிற நியாயமான ஏற்பாடுகள்தான். ஆனால் இன்னொருத்தருடைய போனில் கிளவுடு கட்டலாம் என்ற ஆசைக்கு, வாசல் கிட்டத்தட்ட மூடிவிட்டது.

ஓனர் இல்லாத போன்

அப்போதுதான் சிலர் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். ஓனர்தான் சிக்கல் என்றால், ஓனர் கைவிட்ட போனை எடுத்துக்கொண்டால் என்ன?

2017-ல் சாம்சங், தன் டெவலப்பர் மாநாட்டில் 40 பழைய கேலக்ஸி எஸ்5 போன்களை அடுக்கி, பிட்காயின் தோண்டும் கருவியாக்கிக் காட்டியது. அது காட்சிப்பொருள்தான். தீவிரமான வேலை சான் டியேகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜெனிஃபர் ஸ்விட்சர், கேப்ரியல் மார்கானோ, ரயன் காஸ்ட்னர், பாட் பனுட்டோ ஆகிய நால்வர் 2023-ல் ஒரு மாநாட்டில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, தமிழில் சொன்னால், 'காயலான்கடைக் கம்ப்யூட்டிங்'.

அவர்கள் வாதத்தை நிதானமாகக் கவனிங்க. ஒரு போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி அதை ஓட்டுவதால் வருவதில்லை. அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. சுரங்கம், சிப் ஆலை, கப்பல் போக்குவரத்து எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்த செலவு. அந்த போனை 3 வருஷத்தில் தூக்கிப்போட்டால், அந்தச் செலவு 3 வருஷ வேலைக்கு மட்டும்தான் ஆகிறது. இன்னும் சில வருஷம் அதிடம் வேலை வாங்கினால், புதிதாகத் தயாரிப்புக் கார்பன் எதுவும் சேராமல் வேலை கிடைக்கிறது. ஆகவே ஒரு கம்ப்யூட்டரை அளக்க, மொத்த வாழ்நாள் கார்பனை அது செய்த மொத்த வேலையால் வகுக்கணும் என்று ஒரு புதிய அளவுகோலையே முன்வைத்தார்கள்.

வாதத்தோடு நிற்கவில்லை. பழைய பிக்சல் 3ஏ போன்கள் பத்தை இணைத்து, உபுண்டு டச் என்ற லினக்ஸை ஏற்றி, ஒரு குட்டி கிளவுடு கட்டினார்கள். 2019-ல் வந்த அந்த போனில் 8 கோர் ப்ராசசரும் 4 ஜிபி ராமும் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் மரினெல்லி வைத்துப் போராடிய போனின் ராமைவிட இது 20 மடங்கு. அதில், ஒரு சமூக வலைதளத்தின் பின்னணி வேலைகளை ஓட்டிக் காட்டினார்கள். பொத்தானை அழுத்தினால் பதில் வரும் உண்மையான கிளவுடு வேலை. ராத்திரிக்காகக் காத்திருக்க வேண்டாம், சார்ஜரைப் பிடுங்க யாரும் இல்லை.

2025-ல் எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதே வழியில் போனார்கள். பழைய போன்களிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். எந்நேரமும் சார்ஜில் இருக்கும் பழைய பேட்டரி வீங்கும், அதிலுள்ள ரசாயனம் கசியும் என்ற பயம் அதோடு போனது. ஒரு போனை இப்படி மாற்ற சுமார் 8 யூரோதான் ஆகிறதாம். அந்தக் குட்டி டேட்டா சென்டரைக் கடலுக்கடியில் இறக்கி, அங்கே வாழும் உயிரினங்களைக் கண்காணிக்க வைத்தார்கள். வழக்கமாக முக்குளிப்பவர் வீடியோ எடுத்து, மேலே கொண்டுவந்து பார்க்க வேண்டிய வேலையை, தண்ணீருக்குள்ளேயே போன்கள் செய்தன. டேட்டா பிறந்த இடத்திலேயே கணக்கு! 2009-ன் அதே வாதம், வேறு இடத்தில்.

பூட்டின் சாவி

இது வெறும் ஆய்வுக்கூட விளையாட்டு இல்லை. ஐ.நா. சார்பான 2024 மின்கழிவு அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான். இதில் போன் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் அந்தக் குவியலில் நல்ல ப்ராசசரோடு கிடப்பதில் போன் முக்கியமானது.

அப்போ காயலான்கடைக்குப் போய் நூறு போன் வாங்கி ஒரு கிளவுடு கட்டிவிடலாமா? இங்கேதான் பழைய கேள்வி புது முகத்தோடு திரும்பி வருகிறது. சான் டியேகோ குழு எடுத்துக்கொண்ட பிக்சல் போனில், கூகுள் நேரடியாக விற்ற மாடல்களின் பூட்லோடரைத் திறக்க வழி உண்டு. பூட்லோடர் என்பது போன் ஆன் ஆகும்போது எந்த மென்பொருளை உள்ளே விடலாம் என்று முடிவெடுக்கும் காவலாளி. பல போன்களில் அதைத் திறக்கவே முடியாது. திறந்தாலும், அந்த மாடலின் சிப்புக்கான டிரைவர்கள் வெளியே கிடைத்தால்தான் லினக்ஸ் ஓடும். கம்பெனி அப்டேட்டை நிறுத்திய பிறகு, பாதுகாப்பு ஓட்டைகளோடு அந்த போனை நெட்வொர்க்கில் வைப்பதும் ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 வருஷம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறது. அது ஒரு படி. சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

யோசித்துப் பாருங்க. காசு கொடுத்து வாங்கியவர் கைவிட்டுவிட்டார். காயலான்கடைக்காரர் எடைக்கு வாங்கிவிட்டார். ஆனால் அந்த போன் இனி என்ன வேலை செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை, அதை விற்ற கம்பெனியிடம்தான் இருக்கிறது. பார்க் ஆய்வுக்கூடத்தில் ராத்திரி கம்ப்யூட்டரைப் பிடித்தபோது பதில் சொல்ல வேண்டியவர் காலையில் வரும் ஓனர். இங்கே அந்த ஓனர் எப்பவோ போயாச்சு, பூட்டு மட்டும் இருக்கிறது.

அடுத்த முறை பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கும்போது, எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதோடு, இதன் பூட்லோடரைத் திறக்க முடியுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. கடையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நிறையப் பேர் கேட்க ஆரம்பித்தால், அந்தக் கேள்வி கடையைத் தாண்டிக் கம்பெனி வரைக்கும் போகும்.